பழைய கூரை, பழைய பெயின்ட்: பாஸ் ஏணி வைக்குமுன்

கேள்வி: ஐயா, ஹந்தானையில் ஒரு காலத்தில் தோட்டத்துக் கிளாக்கர் குவாட்டர்ஸாக இருந்த பழைய வீடு எங்கள் குடும்பத்தின் கைக்கு வந்திருக்கிறது. மகன் அதைத் திருத்திச் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹோம்ஸ்டேயாக நடத்த விரும்புகிறான். கூரை முழுவதும் அஸ்பெஸ்டஸ் சீட். என் தகப்பனார் காலத்தில் தகரத்தைக் கழற்றிவிட்டுப் போட்டது. இப்போது பாசி பிடித்துக் கறுத்துவிட்டது. இரண்டு அறைகளில் சிலிங்கும் அதே மாதிரித் தட்டைச் சீட்தான். கதவு, ஜன்னல், விறாந்தைக் கம்பி எல்லாவற்றிலும் பழைய பச்சை பெயின்ட் பாளம் பாளமாக உரிகிறது. கூரையைப் பிரெஷர் வோட்டரால் கழுவி பெயின்ட் அடிக்கலாம், உடைந்த சீட்டுகளை மாற்றலாம், ஜன்னல்களைக் கிரைண்டரால் தேய்த்துத் தரலாம் என்கிறார் வேலைக்கு வரும் பாஸ். டொரன்டோவிலிருக்கும் என் தங்கையோ, லைசன்ஸ் உள்ளவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது, தொட்டால் தண்டம் என்று பயமுறுத்துகிறாள். பாஸிடம் சொன்னால், “முப்பது வருசமாகச் சீட் வெட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று சிரிக்கிறார். கழற்றும் சீட்டுகளைத் தன் குசினிக்குத் தரும்படி பக்கத்து லயத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பேரப்பிள்ளையும் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகர், ஹந்தானை

பதில்: உங்கள் தங்கை சொல்வது இலங்கைக்குப் பொருந்தாது. பாஸ் சொல்வது எந்த ஊருக்கும் பொருந்தாது. கூரை நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல் விடுங்கள். தொடத்தான் வேண்டுமென்றால் கழுவவோ வெட்டவோ கூடாது. நனைத்து, உடையாமல், முழுச் சீட்டாக இறக்க வேண்டும். ஜன்னலுக்குக் கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

முதலில் சட்டம். மிக ஆபத்தான நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது. வெள்ளை ரகம், அதாவது கிரிசோடைல், இன்றும் இறக்குமதியாகிறது, சீட்டாகிறது, கடையில் விற்கிறது. அதனால் உங்கள் தலைக்குமேல் அஸ்பெஸ்டஸ் கூரை இருப்பது குற்றமல்ல. சில வெளிநாடுகளில் இருப்பதுபோல் அஸ்பெஸ்டஸ் கழற்றுவதற்கென்று தனி லைசன்ஸ் பெற்ற கொந்தராத்துக்காரர்களும் நம்மிடம் இல்லை. இதில் கனடாவைப் பார்த்து நாம் கூச வேண்டியதில்லை. அந்த நாடு 2011 வரை கியூபெக்கில் கிரிசோடைலைத் தோண்டி ஆசிய நாடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தது. தன் மண்ணில் தடை கொண்டுவந்ததே 2018இல்தான்.

நாமும் தடைக்கு மிக அருகில் போனோம். 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2024க்குள் அஸ்பெஸ்டஸ் பொருட்களை முற்றாக நிறுத்துவது என்று அன்றைய அரசாங்கம் அறிவித்திருந்தது. நமக்கு அஸ்பெஸ்டஸ் அனுப்பும் நாடுகளில் முதன்மையானது ரஷ்யா. அதே ரஷ்யாதான் நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடுகளிலும் ஒன்று. 2017 டிசம்பர் நடுவில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு கண்டோம் என்று சொல்லி ரஷ்யா நம் தேயிலைக்குத் தடை போட்டது. சில நாட்களுக்குள் இங்கே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது. ஆண்டு முடியுமுன் அங்கே தேயிலைத் தடை நீங்கியது. வண்டுக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று வாதிடுவோர் உண்டு. திகதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. உங்கள் ஊரிலுள்ள தேயிலை அருங்காட்சியகம் 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்குவது உங்களுக்குத் தெரியும். தேயிலையின் கதையை அங்கே மாடி மாடியாகப் பார்க்கலாம். தேயிலையைக் காப்பாற்ற இந்த நாட்டுக் கூரைகளில் எது தங்கிவிட்டது என்பதையும் அங்கே ஒரு மூலையில் எழுதி வைக்கலாம்.

சட்டமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். சீட் கூரையில் இருக்கும்வரை அது கூரை. உடைத்து இறக்கிவிட்டால் அது கழிவு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன்கீழ் 2008இல் வந்த அபாயகரமான கழிவு பற்றிய ஒழுங்குவிதிகளும் அங்கேதான் வருகின்றன. ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் பிரகடனமாகிவிட்டது. உடைந்த சீட்டை இரவோடிரவாகப் பள்ளத்தில் தள்ளிவிடும் பழைய வழக்கம் உங்கள் ஊரில் இரட்டைத் தவறு. குப்பை லொறியில் ஏற்றி கொஹாகொடைக்கு அனுப்புவதும் வேண்டாம். அந்த மேடு மகாவலிக் கரையிலேயே இருக்கிறது. வேலை தொடங்குமுன் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மத்திய மாகாண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை சீட், என்ன நிலை, எப்போது இறக்கப் போகிறீர்கள், எங்கே ஒப்படைக்கலாம் என்று கேட்டு, பிரதியை உங்கள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எழுத்தில் கேட்டால் யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

இனி, கழற்றத்தான் வேண்டுமா என்பதைப் பார்ப்போம். கூரைச் சீட்டில் பத்தில் ஒரு பங்களவுதான் நார், மீதி சீமெந்து. சீமெந்து இறுகப் பிடித்திருக்கும்வரை நார் வெளியே வராது. வெட்டினாலோ, துளைத்தாலோ, தேய்த்தாலோ, உடைத்தாலோ, அல்லது வெயிலும் மழையும் சீமெந்தை அரித்துவிட்டாலோதான் வரும். கிரிசோடைல் நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும் தன்மையது. கண்ணுக்குத் தெரியும் தூசி தரையில் படியும். தெரியாத நார் காற்றில் மணிக்கணக்காக நிற்கும். சுவாசப்பைக்குள் போவது அந்தத் தெரியாததுதான்.

கூரையில் ஏறாமல் நிலைமையை அறிய ஒரு வழி, ஏணி வைத்துப் பீலியைப் பார்ப்பது. மண்ணும் இலையும் மட்டுமென்றால் கவலையில்லை. சாம்பல் நிறத்தில் மாவுபோன்ற படிவு இருந்தால், அதுவும் காய்ந்த பிறகு பஞ்சு இழைபோல் ஏதாவது தெரிந்தால், மேற்பரப்பு கரையத் தொடங்கிவிட்டது. அதைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஈரமாக்கி அள்ளிப் பையில் கட்டுங்கள். சீட்டின் வயதும் முக்கியம். 1987க்கு முன் போட்டதென்றால் நீல ரகமும் கலந்திருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் காலத்து ரசீதோ, வேலை செய்தவர்களின் ஞாபகமோ இருந்தால் விசாரியுங்கள்.

பிரெஷர் வோட்டர் யோசனையை மட்டும் இன்றே கைவிடச் சொல்லுங்கள். பாசி போகும், பாசியோடு சீட்டின் மேல்தோலும் உரியும். நார் கலந்த சேறு சுவரிலும் முற்றத்திலும் பக்கத்து வீட்டிலும் தெறித்து, காய்ந்து, மறுநாள் காற்றில் எழும்பும். அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அஸ்பெஸ்டஸ் கூரைக்கு இப்படித் தண்ணீர் அடிப்பது குற்றம். பாசி அழகைக் கெடுக்கிறதே தவிர வீட்டில் இருப்பவரைக் கெடுப்பதில்லை. கூரை திடமாக இருந்தால் கழுவாமல், தேய்க்காமல், அதற்கென்ற பூச்சை மெல்லத் தெளித்து மூடலாம். விளிம்பு சிதறியும், வெடிப்பு ஓடியும், பல இடங்களில் ஒழுகியும் இருந்தால் பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தப் பணத்தை மாற்றுவதற்கு ஒதுக்குங்கள்.

நார் ஆளைக் கொல்லப் பல ஆண்டுகள் எடுக்கும். கூரையிலிருந்து விழுந்தால் ஒரு நொடி போதும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட் மனிதப் பாரத்தைத் தாங்காது. பாசி வழுக்கும், ஆணி வரிசையில் கால் வைத்தால் தாங்கும் என்ற நம்பிக்கையும் பொய். சீட்டின்மேல் யாரும் நேரடியாகக் கால் வைக்கக்கூடாது. கூரையின் மரச் சட்டங்களுக்குக் குறுக்கே நீளப் பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும். கண்டியில் மழை அதிகம் கொட்டும் ஒக்டோபர், நவம்பரில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கும் முறை இது. வீட்டில் யாரும் இருக்கக்கூடாது, அயலவர் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள். தோட்டத்து ஹோஸில் மெல்லிய தூறலாக, பாத்திரம் கழுவும் திரவம் சிறிது கலந்த தண்ணீரால் சீட்டை நனையுங்கள். வெறும் தண்ணீர் ஓடிவிடும், சோப்பு கலந்தது ஊறும். கொக்கிப் போல்ட்டை முறுக்கிப் பிடுங்கினால் துளையைச் சுற்றிச் சீட் நொறுங்கும்; போல்ட் கட்டரால் தலையை வெட்டிவிடுங்கள். சீட்டைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றை இழுக்கக்கூடாது. கையோடு கையாக இறக்குங்கள், மேலிருந்து போடாதீர்கள். கீழே தடித்த பொலித்தீன் விரித்து, அதில் அடுக்கி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, டேப் ஒட்டி, சிங்களத்திலும் தமிழிலும் அஸ்பெஸ்டஸ் என்று பெரிதாக எழுதுங்கள். சிறு துண்டுகளைத் தனிப் பையில் போட்டுக் கட்டுங்கள். கிரைண்டர், வாள், ட்ரில் எதுவும் அன்று அந்த வளவுக்குள் வரக்கூடாது. கொவிட் காலத்து நீல முகக்கவசமும், முகத்தில் கட்டிய சாரமும் இதற்குப் பயன்படாது. எப்எப்பி3 அல்லது பி100 என்று அச்சிட்ட, முகத்தோடு இறுகும் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் இறுகாது. வேலை முடிந்ததும் உடுத்திருந்ததைக் கழற்றி நனைத்து அங்கேயே பையில் கட்ட வேண்டும். வேலைக்காரர் கணவர், துணி துவைத்தவர் மனைவி, நோய் வந்தது மனைவிக்கு என்ற கதை பல நாடுகளின் வைத்தியப் பதிவுகளில் இருக்கிறது.

உள்ளே இருக்கும் தட்டைச் சிலிங்கில் எனக்குக் கூரையைவிடப் பயம் அதிகம். தட்டைப் பலகைகளில் சில ரகங்கள் சீமெந்துச் சீட்டைவிட மென்மையானவை. நார் எளிதில் உதிரும். மூடிய அறையில் உதிர்வது அங்கேயே தங்கும். ஏசி மாட்டவும் லைட் புதைக்கவும் அதில் துளை போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள். ஒரு சிறு மாதிரியை நனைத்து எடுத்துப் பையிலிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய பிறகே முடிவு செய்யுங்கள். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்திலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம். மலைநாட்டில் கட்டட வேலைக்கான மண்சரிவு அனுமதிக்காக இரண்டாவது இடத்துக்கு எப்படியும் போக வேண்டிவரலாம். பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூரையை அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காதீர்கள். டிரையர் அடுப்பிலிருந்து போகும் குழாய்களின் உறை, அடுப்புக் கதவைச் சுற்றிய கயிறு ஆகியவை அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். கையால் கசக்கினாலே தூளாகும் அந்த உறைகளை வீட்டுப் பாஸ் எவரும் தொடக்கூடாது.

பாஸின் முப்பது வருசச் சிரிப்புக்கு வருகிறேன். அஸ்பெஸ்டஸால் வரும் சுவாசப்பைத் தழும்பு, சுவாசப்பைப் புற்றுநோய், சவ்வில் வரும் மீசோதீலியோமா எல்லாம் முதன்முதல் நாரைச் சுவாசித்த நாளிலிருந்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத் தலைகாட்டுபவை. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் அஸ்பெஸ்டஸ் தொழிலாளரின் வைத்தியப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையைவிட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது இதனால்தான். முப்பது வருசம் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது. அவர் பீடி, சிகரெட் பிடிப்பவரென்றால் சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்து பன்மடங்கு. அவர் சொன்னால் கேட்கமாட்டார் என்று விடாதீர்கள். கவசமும் பலகையும் கயிறும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அந்தக் கணக்கைக் கூலியில் கழிக்காதீர்கள். அவரோடு வரும் கையாள் பையனுக்கும் சேர்த்து வாங்குங்கள். பெரும்பாலும் அவன்தான் துண்டுகளைப் பொறுக்கித் தரையைக் கூட்டுகிறவன். வீட்டுக்காரரைவிடப் பல மடங்கு தூசி அவன் நெஞ்சுக்குள்தான் போகிறது.

லயத்துக்காரருக்குச் சீட் கொடுக்கலாமா? வேண்டாம். அவர் கேட்பதில் தவறில்லை. ஒழுகும் குசினிக்கு எதுவும் கூரைதான். ஆனால் உங்கள் வீட்டில் நாலு பேர் கவசம் போட்டு இறக்கிய பழைய சீட்டை அவர் வீட்டில் ஒருவர் வெறும் கையோடு வெட்டி, ஆணி அடித்து, தாழ்ந்த கூரையாகப் போடுவார். அடுப்புச் சூட்டில் அது வெடிக்கும். அதன்கீழே பிள்ளைகள் சாப்பிடுவார்கள். உதவ மனமிருந்தால் உங்கள் புதிய கூரைக்கு அமானோ தகரச் சீட் வாங்கும்போது அவருக்கும் நாலைந்து சேர்த்து வாங்குங்கள். உங்களுக்கு ஓடு போட ஆசையிருந்தால் முதலில் மரச் சட்டத்தின் பலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தகரத்துக்காகவும் சீட்டுக்காகவும் போட்ட மரம் ஓட்டின் பாரத்தைத் தாங்காது.

பச்சை பெயின்டுக்கு வருவோம். உங்கள் பேரப்பிள்ளைக்கு இந்த வீட்டில் மிகக் கிட்டிய ஆபத்து கூரையல்ல, இதுதான். பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் கட்டாய எல்லை நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி முதலாந் திகதி. அதற்குமுன் சுற்றாடல் நீதி மையம் கடைகளில் வாங்கிய பெயின்டைச் சோதித்து, ஈயம் மிகுந்திருப்பதைக் காட்டி, உச்ச நீதிமன்றம்வரை போனது. பின்னர் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை எனாமலுக்கு 600, விளையாட்டுப் பொருட்களின் பெயின்டுக்கு 90 என்று எல்லை வகுத்தது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பது கணக்கு. இந்த விதி விற்பவரைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே உங்கள் ஜன்னலில் இருப்பதை அது தொடாது.

பழைய தோட்ட வீடுகளின் சுவரில் பெரும்பாலும் சுண்ணாம்புதான். அங்கே ஈயப் பயம் குறைவு. ஈயம் இருப்பது எனாமலில்: கதவு, ஜன்னல், கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி. இரும்பில் பெயின்டைச் சுரண்டினால் அடியில் ஒரு நிறம் தெரியும். செங்கல்போல் மங்கிய கபிலமென்றால் அது பெரும்பாலும் ரெட் ஒக்சைட், இரும்புத் துரு வகை. பளிச்சென்ற செம்மஞ்சளென்றால் செவ்வீயம், அதாவது ஈயமேதான். நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்பெழுத முடியாது. உரிந்த பாளத்தில் அடித்தட்டு வரை உள்ள ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால் சந்தேகம் தீரும்.

கிரைண்டரோ காய்ந்த சாண்ட் பேப்பரோ போட்டால் ஈயம் மாவாகி வீடெங்கும் படியும். புளோ லாம்பால் சுட்டால் புகையாகும். நனைத்துக் கையால் சுரண்டுங்கள்; கீழே பொலித்தீன் விரியுங்கள்; முடிந்ததும் கூட்டாமல் ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து அந்தத் துணியையும் கட்டிப் போடுங்கள். உரியாமல் இறுகப் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்டவே தேவையில்லை, ஈரத்தால் துடைத்துப் புதிய பெயின்டால் மூடினால் போதும். ஆனால் ஜன்னல் திறந்து மூடும்போது உரசும் விளிம்புகளை மூடி வைக்க முடியாது. அங்கே நனைத்துச் சுரண்டி மரம்வரை எடுத்துவிடுங்கள். இறவாணத்தின்கீழ், ஜன்னலுக்கு நேர்கீழே உள்ள மண்ணில் கீரை போட்டிருந்தால் இடம் மாற்றுங்கள்.

மலைநாட்டில் அடிக்கடி நடப்பது ஒன்று: பழைய கதவும் ஜன்னல் சட்டமும் கடைசியில் விறகாகின்றன. பெயின்ட் பூசிய மரத்தை அடுப்பில் வைத்தால் ஈயம் புகையில் ஏறும், சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலில் பாத்திரம் விளக்குவோர் உண்டு, மரக்கறிப் பாத்திக்குப் போடுவோரும் உண்டு. கழற்றும் மரத்தை அடுப்புக்குக் கேட்டு யாராவது வந்தால் சீட்டுக்குச் சொன்ன பதிலையே சொல்லுங்கள்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். உடம்புக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட அதிக பங்கை உறிஞ்சும். மூளை வளரும் வயதில் அது செய்யும் கெடுதியைப் பின்னால் மருந்தால் சரிசெய்ய முடியாது. வேலை முடிந்து, ஈரத்துணி போட்டு, பாளங்கள் வளவைவிட்டு வெளியேறும்வரை பேரப்பிள்ளையை வேறு வீட்டில் வையுங்கள். இதுவரை அந்த ஜன்னலடியில் விளையாடியிருந்தால் பிள்ளை வைத்தியரிடம் விஷயத்தைச் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கக் கேளுங்கள். பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிறதே என்று விடாதீர்கள்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள்: முதலில் ஜன்னலும் கம்பியும், பிறகு சிலிங் மாதிரிச் சோதனை, அதற்குள் அதிகாரசபையின் பதில் வந்துவிட்டால் கூரை. கூரை நன்றாக இருந்தால் அதை இன்னும் சில ஆண்டு அப்படியே விட்டுவைத்து ஆண்டுக்கொரு முறை பீலியைப் பார்த்தால் போதும். பாஸுக்கு நாள் குறிக்குமுன் அவரையும் அந்தக் கையாள் பையனையும் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, இந்தப் பதிலை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள்.